இரண்டாம் மேல்முறையீட்டுக்கு ஒரு வக்கீல் வேண்டும்

தமிழ்நாட்டு வழக்கறிஞர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கருத்துச் சொன்னதற்காக ஒருவர் கைது செய்யப்பட்டால், உங்களில் யாராவது ஒருவர் இரவோடு இரவாகக் காவல் நிலைய வாசலில் வந்து நிற்கிறீர்கள். பல நேரங்களில் கட்டணம்கூடப் பேசுவதில்லை. ரிமாண்டை எதிர்க்க, ஜாமீன் மனு போட, முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோர ஆள் கிடைத்துவிடுகிறது. இந்த மாநிலத்தில் எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் இதற்காக உங்களுக்குக் கடமைப்பட்டவர்கள். நன்றி சொல்ல மட்டும் எழுதியிருந்தால் இத்துடன் முடித்துக்கொள்வேன். என் வேண்டுகோள் வேறு. கைதாவதற்கு ஓராண்டு முன்பு அதே மனிதர் ஒரு கோப்பின் நகல் கேட்டு மனு போட்டிருப்பார். மறுத்திருப்பார்கள். மேல்முறையீடு செய்திருப்பார். அங்கும் மறுத்திருப்பார்கள். அப்போது அவர் பக்கத்தில் வழக்கறிஞர் யாரும் இருந்திருக்க மாட்டார். அங்கும் நீங்கள் வரவேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் சட்டம் படித்தவன் அல்லன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருபவன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி அனுப்பிவிட்டு, முப்பது நாள் எப்போது முடியும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களோடு பழகியவன். உங்களுக்குத் தெரிந்த சட்டத்தையே உங்களுக்கு எடுத்துச் சொல்கிற அதிகப்பிரசங்கித்தனம் இந்த மடலில் ஆங்காங்கே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுரிமைக்கான வழக்குகளில் இந்த மாநிலத்துக்குத் தனி வரலாறு உண்டு. 1950இல் ரொமேஷ் தாப்பரின் பத்திரிகைக்குத் தடை விதித்தது அன்றைய மதராஸ் மாகாணம். உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. மறுவருடமே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வருவதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம். கட்டுப்பாடு நியாயமானதா என்று எப்படி அளப்பது என்பதற்கு இன்றும் நீங்கள் மேற்கோள் காட்டும் வி.ஜி.ராவ் தீர்ப்பு 1952இல் வந்தது. அதுவும் மதராஸ் அரசு தொடர்புடைய வழக்குதான். இடஒதுக்கீடு பற்றிய ஒரு திரைப்படத்துக்குத் தரப்பட்ட சான்றிதழை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் 1989இல் மாற்றியது ரங்கராஜன் வழக்கில். 1994இல் வந்தது ராஜகோபால் வழக்கு. மரண தண்டனைக் கைதி ஒருவரின் வாழ்க்கைக் கதையை வார இதழ் வெளியிடப் போகிறது என்று தெரிந்து, அதிகாரிகள் அதை முன்கூட்டியே நிறுத்தப் பார்த்த வழக்கு.

ராஜகோபால் தீர்ப்பைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்தரங்க உரிமை உண்டு என்று சொன்ன அதே தீர்ப்பு, பொது ஆவணங்களை அடிப்படையாக வைத்து எழுதினால் அந்த ஆட்சேபம் பொதுவாக எழாது என்றும் சொன்னது. அரசு ஊழியர் தன் பணி சார்ந்த செயலுக்காக விமர்சிக்கப்பட்டால், எழுதியவர் உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதினார் என்று நிரூபித்தால்தான் நஷ்ட ஈடு என்றும் சொன்னது. எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல கவசம் கிடையாது. ஆனால் அந்தக் கவசம் அவனுக்கு யார் கையிலிருந்து கிடைக்கிறது? பொது ஆவணம் அவனிடம் இருந்தால்தானே பொது ஆவணத்தை அடிப்படையாக வைத்து எழுத முடியும்?

அவதூறு வழக்கிலும் அதே கதைதான். சொன்னது உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்பது சட்டம் தரும் முதல் விதிவிலக்கு. உண்மை என்று காட்டுவதற்குச் சான்றிட்ட நகல் வேண்டும். சாலை போட்டதாகப் பணம் எடுத்துவிட்டார்கள், சாலையே இல்லை என்று ஒருவர் எழுதினால், அளவுப் புத்தகத்தின் நகலும் பட்டியல் தொகை வழங்கிய உத்தரவும் கையில் இருக்கும் வரை அவர் செய்தியாளர். இல்லாவிட்டால் குற்றவாளிக் கூண்டில் நிற்கிற ஆள். நீங்கள் எவ்வளவு திறமையாக வாதாடினாலும், வழக்குக் கட்டுக்குள் இல்லாத காகிதத்தை உங்களால் உருவாக்க முடியாது. பேச்சுரிமை வழக்கின் வெற்றி தோல்வி பெரும்பாலும் அந்த வழக்கு பிறப்பதற்கு முன்பே, தகவல் மனுவுக்குப் பதில் தரும் ஏதோ ஒரு பொதுத் தகவல் அலுவலரின் மேசையில் முடிவாகிவிடுகிறது.

2012இல் இந்த மாநில அரசு நாளிதழ் ஆசிரியர்கள்மீது போட்ட குற்றவியல் அவதூறு வழக்குகளை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எட்டு ஆண்டுகள். பெரிய நாளிதழ்களால் எட்டு ஆண்டு தாங்க முடியும். தாலுகா செய்தியாளரால் எட்டு வாய்தாகூடத் தாங்க முடியாது. அவருக்குத் தேவை வழக்கு வந்த பிறகு கிடைக்கிற விடுதலை அல்ல. வழக்குப் போடவே எதிராளி யோசிக்கும்படி கையில் ஆவணம் இருப்பதுதான்.

இனி நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர், துறை எதையும் சொல்லவில்லை. விவசாயக் கூலி வேலை செய்யும் ஒரு பெண்மணி, தன் ஊராட்சியில் அரசு வீடு கட்டும் திட்டத்தில் வீடு பெற்றவர்களின் பட்டியலைக் கேட்டார். பெயர், ஒதுக்கிய தொகை, எந்தத் தேதியில் எத்தனை தவணை. பதில் ஒரே வரியில் வந்தது: ‘தாங்கள் கோரும் தகவல் மூன்றாம் நபர் சார்ந்த தனிப்பட்ட தகவல் என்பதால் பிரிவு 8(1)(ஜே)இன்படி வழங்க இயலாது.’ முதல் மேல்முறையீட்டு அலுவலர், பொதுத் தகவல் அலுவலரின் பதில் சரியே என்று அதே வரியைத் தட்டச்சு மாற்றி அனுப்பினார். இரண்டாம் மேல்முறையீடு மாநிலத் தகவல் ஆணையத்தில் விசாரணைக்கு வந்தது. அலுவலகத்திலிருந்து ஒரு கண்காணிப்பாளர், கோப்புடன். இந்தப் பக்கம் அந்த அம்மா, ஒரு மஞ்சள் பையுடன்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற கேள்வி வந்தது. 6(2) பிரிவின்படி காரணம் கேட்கவே கூடாது. அது அவருக்குத் தெரியாது. ‘எனக்குக் கீழே உள்ளவர்கள் பெயரெல்லாம் வந்திருக்கிறது, என் பெயர் ஏன் விடுபட்டது என்று தெரியவேண்டும் ஐயா’ என்றார். அவ்வளவுதான். கோரிக்கை அந்த நொடியில் சொந்தக் குறையாகிவிட்டது. குறையிருந்தால் உரிய அலுவலரிடம் மனுக் கொடுங்கள் என்று அறிவுரை சொல்லி முடித்துவிட்டார்கள். காலையில் கிளம்பிப் பஸ் மாறி மாறி வந்தவருக்கு உள்ளே கிடைத்த நேரம் டீ ஆறுவதற்குள் தீர்ந்துபோனது.

அங்கே உங்களில் ஒரு ஜூனியர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எனக்கே தெரியும்போது உங்களுக்குத் தெரியாதா. அதே சட்டத்தின் 4(1)(பி) பிரிவு, யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் வெளியிட வேண்டியவற்றைப் பதினேழு உட்பிரிவுகளில் சொல்கிறது. பன்னிரண்டாவது உட்பிரிவு: மானியத் திட்டங்கள் எப்படிச் செயல்படுத்தப்படுகின்றன, ஒதுக்கிய தொகை எவ்வளவு, பயனாளிகள் யார் யார். பதின்மூன்றாவது: சலுகை, உரிமம், அனுமதி பெற்றவர்களின் விவரம். பத்தாவது: ஒவ்வொரு அலுவலரும் பெறும் மாதச் சம்பளம். இவை எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது. பயனாளியின் பெயரை வெளியிடு என்று ஒரு பிரிவு கட்டளையிடும்போது, பெயர் இருக்கிறது என்பதற்காகவே மறைத்துவிடு என்று இன்னொரு பிரிவு சொல்வதாக எப்படிப் படிக்க முடியும்? இரண்டையும் ஒத்திசைய வைத்துப் படிப்பது வழக்கறிஞரின் அன்றாட வேலை. அந்த அம்மாவின் வேலை அல்ல.

வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் இருக்கிறதே என்று கண்காணிப்பாளர் சொல்லியிருக்கலாம். நியாயமான கவலை. அதற்குத்தான் பத்தாவது பிரிவு. மறைக்க வேண்டியதைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு மீதியைக் கொடு என்கிறது. தவிர, மேல்முறையீட்டில் மறுப்பு சரிதான் என்று நிரூபிக்கும் சுமை மறுத்தவருடையது என்று 19(5) சொல்கிறது. விசாரணையில் நடந்ததோ தலைகீழ்: கேட்டவர் கூனிக் குறுகி விளக்கம் சொன்னார், மறுத்தவர் கோப்பை மூடியே வைத்திருந்தார்.

இப்போது ஏன் இவ்வளவு அவசரமாக உங்களைக் கூப்பிடுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

2005இல் வந்தபோது 8(1)(ஜே), தனிநபர் விவரம் என்ற காரணத்துக்காக மட்டும் எதையும் மறைக்க இடம் தரவில்லை. பொதுப் பணியோடோ பொதுநலனோடோ தொடர்பில்லாத விவரம், அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைகிற விவரம், இவற்றைத்தான் மறுக்கலாம். அதிலும் பெரும் பொதுநலன் இருப்பதாக அலுவலர் கருதினால் தரவேண்டும். கூடவே அழகான ஒரு காப்புரையும் இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ மாநிலச் சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது. சாதாரண மனிதனை எம்.எல்.ஏ.வின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்த வரி அது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3) பிரிவின் மூலம் இத்தனையையும் அகற்றிவிட்டு, ‘தனிநபர் தொடர்பான தகவல்’ என்ற அளவில் நிறுத்திவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

அரசு அலுவலகத்தில் இருக்கும் எந்தக் காகிதத்தில் தனிநபர் இல்லை? கையெழுத்துப் போட்டவர் தனிநபர். டெண்டர் எடுத்தவர் தனிநபர். போலிச் சான்றிதழில் வேலை பெற்றவரும் தனிநபர்தான். தொண்ணூறுகளில் ராஜஸ்தான் கிராமங்களில் உழைப்பாளர் விவசாயிகள் சக்தி அமைப்பு நடத்திய பொது விசாரணைகளில் என்ன செய்தார்கள்? வேலை வருகைப் பதிவேட்டை மக்கள் கூட்டத்தின் நடுவே உரக்கப் படித்தார்கள். பெயர் பெயராகப் படிக்கப்பட்டபோதுதான், வேலைக்கே வராதவர்கள் பெயரில், செத்துப்போனவர்கள் பெயரில் கூலி எடுக்கப்பட்டிருப்பது வெளியே வந்தது. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். இந்தச் சட்டத்தின் விதை அங்கே விழுந்தது. பெயர்களை மறைத்துவிட்டு அந்தப் பதிவேட்டைத் தந்தால் மிஞ்சுவது எண்களின் வரிசை. எந்த எண் செத்தவருடையது என்று யார் சொல்வது?

8(1)(ஜே)இல் செய்த அந்தத் திருத்தம் அரசியலமைப்புக்குப் பொருந்துமா என்ற வாதத்தை உங்கள் சீனியர்கள் பார்த்துக்கொள்வார்கள். தீர்ப்பு எப்போது வரும், எப்படி வரும் என்று காத்திருக்கும் வசதி மனுதாரருக்கு இல்லை. அரசுத் தரப்பு திரும்பத் திரும்பச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: 8(2) பிரிவை யாரும் தொடவில்லை, பொதுநலன் இருந்தால் அதன்கீழ் தகவல் தரலாம் என்பது. சரி, அந்த வார்த்தையையே பிடித்துக்கொள்வோம். பாதுகாக்கப்படும் நலனுக்கு நேரும் தீங்கைவிட வெளியிடுவதால் விளையும் பொதுநலன் கூடுதலாக இருந்தால், எந்த விலக்கையும் மீறித் தகவல் தரலாம் என்கிறது 8(2). 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டமே குறுக்கே நின்றாலும் தரலாம்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய பிரிவில் பொதுநலனை எடைபோடும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கே இருந்தது. 8(2)இல் முடிவெடுப்பது பொது அதிகார அமைப்பு. அதுவும் ‘தரலாம்’ என்றுதான் இருக்கிறது. கீழ்நிலை அலுவலர் இதைப் படித்தால் என்ன முடிவுக்கு வருவார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. எனக்கு அதிகாரமில்லை, மேலே கேளுங்கள் என்பார். மேலே உள்ளவரோ, தரலாம் என்றுதானே இருக்கிறது, தந்தே ஆகவேண்டும் என்று இல்லையே என்பார். புதிய தரவுச் சட்டம் மீறலுக்கு ஓர் அமைப்பின்மீது 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தகவலை மறுத்தால் அலுவலருக்கு வரும் அபராதம் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. எந்தப் பக்கம் சாய்வது பாதுகாப்பு என்று எந்த அலுவலருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்தும் கடமையும் சேர்ந்தே வருகிறது, நிபந்தனை நிறைவேறினால் ‘தரலாம்’ என்பது ‘தரவேண்டும்’ என்றே பொருள்படும் என்று வாதாடத் தெரிந்தவர்கள் நீங்கள். பொதுநலன் என்ன, தீங்கு என்ன, ஏன் முன்னது கனக்கிறது என்று மூன்று பத்தியில் எழுதத் தெரிந்தவர்களும் நீங்கள். என்னைப் போன்றவர்கள் எழுதினால் அது கெஞ்சலாகவோ வசையாகவோ போய் முடிகிறது.

இது வெறும் பயம் அல்ல என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2012இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் கிரிஷ் தேஷ்பாண்டே தீர்ப்பை, அரசு ஊழியர் பற்றி எதைக் கேட்டாலும் மறுப்பதற்கு அலுவலகங்கள் ஓர் அச்சுப் படிவம் மாதிரி பயன்படுத்துகின்றன. அந்தத் தீர்ப்பை முழுதாகப் படித்துப் பாருங்கள். சொத்து விவரம் முதலானவை தனிப்பட்ட தகவல் என்று சொன்ன நீதிமன்றம், பெரும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்ற வாசலைத் திறந்தே வைத்தது. மனுதாரர் அப்படிப்பட்ட பொதுநலனை நிறுவவில்லை என்று சொல்லித்தான் மனுவைத் தள்ளியது. பொதுநலன் சரியாக எழுதப்படாததால் தோற்ற ஒரு வழக்கு, அதற்குப் பிறகு வந்த அத்தனை மனுக்களின் கழுத்திலும் தொங்குகிறது.

ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்குக்கும் இதே கதி. கண்மூடித்தனமாகத் தகவல் கேட்டால் நிர்வாகம் முடங்கும் என்ற ஒரு பத்தி 2011ஆம் ஆண்டின் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. மறுப்புக் கடிதங்களில் அந்தப் பத்தி வராத நாளில்லை. ஆனால் வழக்கில் ஜெயித்தது யார்? தன் விடைத்தாளைப் பார்க்கக் கேட்ட மாணவர். திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வு எழுதியவருக்கு உண்டு என்பதுதான் தீர்ப்பு. ஒப்புக்குச் சொன்ன பத்தியை எடுத்துக்கொண்டு தீர்ப்பை விட்டுவிட்டார்கள். ஆணையத்தில் இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

நேரமில்லை, ஆவணம் சிதறிக் கிடக்கிறது என்ற சாக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தார்கள். யாரிடமிருந்து கட்சிக்குப் பணம் வருகிறது என்று தெரிந்துகொள்வது வாக்காளருக்கு அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமை என்றார்கள். விவரங்களைத் தொகுக்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று பாரத ஸ்டேட் வங்கி கேட்டது. மார்ச் 11 அன்று அந்த மனுவைத் தள்ளுபடி செய்து, மறுநாளே கொடு என்றது நீதிமன்றம். கொடுத்தார்கள். அந்த வாரமே தேர்தல் ஆணையத்தின் தளத்தில் வந்தும்விட்டது. அந்த வழக்கில் பெரிய பெரிய வழக்கறிஞர்கள் நின்றார்கள். ஊராட்சிப் பட்டியலுக்கு யாரும் நிற்பதில்லை. இரண்டிலும் மனுதாரரின் உரிமை ஒன்றுதான்.

நீங்கள் சொல்லக்கூடிய ஆட்சேபங்கள் எனக்குக் கேட்கின்றன. முதலாவது, தகவல் உரிமை ஆர்வலர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு கட்டட உரிமையாளர்களையும் ஒப்பந்ததாரர்களையும் மிரட்டிப் பணம் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்களே என்பது. இருக்கிறார்கள். எனக்கே சிலரைத் தெரியும். அவர்களோடு ஒரே வரிசையில் நிற்பது எனக்கும் அருவருப்புத்தான். ஆனால் அவன் விற்கும் சரக்கு எது? வெளியே வராத தகவல். கட்டட அனுமதியும் ஒப்பந்த விவரமும் நான்காம் பிரிவின்படி எல்லோர் பார்வைக்கும் ஏற்கெனவே வந்திருந்தால், அவன் எதைக் காட்டி மிரட்டுவான்? மறைக்க மறைக்கத்தான் அவனுக்கு வியாபாரம். மிரட்டுகிறவனைப் பிடிக்கக் குற்றவியல் சட்டம் இருக்கிறது. அதற்காக எல்லோரிடமும் காரணம் கேட்கும் ஆசை நீதிமன்றங்களுக்கும் வந்ததுண்டு. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, மனுதாரர் எதற்காகக் கேட்கிறார் என்று சொல்ல வேண்டும் என எழுதிவிட்டது. 6(2) பிரிவை விட்டுவிட்டோம் என்று உணர்ந்து, சில நாட்களிலேயே தானாக அந்தப் பகுதியை நீக்கவும் செய்தது. தவறைத் திருத்திக்கொண்ட அந்த நேர்மையை எத்தனை அலுவலகங்களில் பார்க்க முடியும்?

இரண்டாவது, இதில் வருமானம் இல்லை என்பது. உண்மை. ஆனால் இலவச சட்ட உதவி என்று ஒன்று இருக்கிறதல்லவா? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தில், சட்டப் பணி என்பதன் வரையறை நீதிமன்றத்தோடு நிற்கவில்லை. பிற அதிகார அமைப்பு, தீர்ப்பாயம் ஆகியவற்றின் முன்பு நடக்கும் நடவடிக்கைகளையும், எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை தருவதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே கிடையாது. நான் சொன்ன அந்தப் பெண்மணிக்கு அரசு செலவில் வழக்கறிஞர் வைத்துத்தர மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தால் ஏன் முடியாது? தகவல் ஆணையங்கள் செய்வது நீதித்துறைப் பணி அல்ல, நிர்வாகப் பணி என்று 2013இல் நமித் சர்மா மறுஆய்வுத் தீர்ப்பு சொன்னதைக் காட்டி யாராவது மறுக்கலாம். மறுத்தால் நல்லது. அதை எழுத்தில் வாங்குங்கள், உயர் நீதிமன்றத்தில் ஒரு நல்ல கேள்வி பிறக்கும். ‘பிற அதிகார அமைப்பு’ என்ற சொற்கள் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது என் எளிய கருத்து.

மூன்றாவது ஆட்சேபம் ஆணையங்களைப் பற்றியது. வழக்கு எடுத்தால்மட்டும் என்ன, எப்போது விசாரிப்பார்கள் என்பீர்கள். முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள், மிஞ்சினால் நாற்பத்தைந்து நாள் என்று கெடு வைத்த சட்டம், இரண்டாவதற்குக் கெடுவே வைக்காமல் விட்டது. தகவல் ஆணையர் காலியிடங்களை உரிய காலத்தில் நிரப்ப வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் அஞ்சலி பரத்வாஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தம், ஆணையர்களின் பதவிக் காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசு நிர்ணயிக்கும்படி மாற்றியது. ஐந்து ஆண்டாக இருந்த பதவிக் காலம் விதிகளின் மூலம் மூன்றாகிவிட்டது. ஆணையர் யாரை அஞ்சுகிறார், யாரை அஞ்சவில்லை என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் எதிரே வழக்கறிஞர் ஒருவர் எழுத்துப்பூர்வ வாதத்தோடு நிற்கும்போது, ஒரு வரியில் தள்ளுபடி செய்வது யாருக்கும் அவ்வளவு சுலபமல்ல. நாளை நீதிப்பேராணை மனுவில் அந்த உத்தரவு இணைப்பாகப் போகும் என்ற நினைப்பே அதில் இன்னும் நான்கு வரி காரணம் எழுத வைக்கும்.

உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே கொல்லப்பட்டவரையும் நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை. கிர் காட்டைச் சுற்றி நடந்த சட்டவிரோதச் சுரங்கங்களைத் தகவல் மனுக்களாலும் பொதுநல வழக்காலும் வெளிக்கொண்டு வந்த அமித் ஜேத்வா, 2010 ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே சுட்டுக் கொல்லப்பட்டார். ஊழலை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014இல் ஒரு சட்டம் நிறைவேறியது. இதுவரை அது நடைமுறைக்கு வரவில்லை. மனுதாரர் தனி ஆள் என்று தெரிந்தால்தான் மிரட்டத் துணிச்சல் வருகிறது. மனுவின் அடியில் ஒரு வழக்கறிஞரின் முத்திரை இருந்தால், மிரட்ட நினைக்கிறவன் எண்ண வேண்டிய தலைகளில் ஒன்று கூடுகிறது.

கருத்துரிமை வழக்குகளில் நீங்கள் வாங்கித்தந்த தீர்ப்புகளும் கீழே வந்து சேர்கின்றனவா என்று பார்க்கக்கூடத் தகவல் வேண்டும். இணையப் பதிவுக்காக வழக்குப் போட இடம் தந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. செத்துப்போன அந்தப் பிரிவில் யார்மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று அதே நீதிமன்றம் 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது. இடையில் ஏழு ஆண்டுகள் காவல் நிலையங்கள் அந்தப் பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தன. ஒரு கவிதைக்காகப் பதிவான முதல் தகவல் அறிக்கையை 2025 மார்ச்சில் ரத்து செய்தபோது, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள பேச்சு சார்ந்த புகார்களில் முதலில் பூர்வாங்க விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் மாவட்டத்தில் எத்தனை புகார்களில் அப்படி விசாரித்தார்கள்? ஒரு தகவல் மனு போதும் தெரிந்துகொள்ள. அதை நீங்களே போடலாம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு சங்கத்திலும் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஒரு மேசை. தகவல் மறுக்கப்பட்டவர்கள் காகிதத்தோடு வரட்டும். எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். பத்து வந்தால் ஒன்பதைப் பார்த்துவிட்டு, இது தேறாது, வீண் அலைச்சல் என்று சொல்லி அனுப்பிவிடுவதே பெரிய உதவி. தேறுகிற ஒன்றுக்கு 8(2) பத்திகளை எழுதிக் கொடுங்கள். மத்திய அரசு அலுவலகங்கள் தொடர்பான மேல்முறையீட்டில் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி ஆஜராகலாம் என்று 2012ஆம் ஆண்டின் விதிகளே சொல்கின்றன. வர முடியாத இடத்தில் எழுத்துப்பூர்வ வாதம் போதும். முதல் ஆண்டு ஜூனியருக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சட்டப்பிரிவு, தீர்ப்பு, வாதம் எல்லாம் உண்டு, வாய்தா மட்டும் குறைவு.

காகிதங்களை ஒழுங்குபடுத்தும் வேலையை எங்களைப் போன்றவர்கள் செய்துவிடுவோம். மனு, பதில், முதல் மேல்முறையீடு, அஞ்சல் ரசீதுகள் எல்லாம் தேதிவாரியாக எண்ணிட்டு வரும். வீட்டுப் பயனாளிகள் பட்டியல் கேட்ட பெண்மணி மறுபடியும் மனு போடத் தயாராக இருக்கிறார். இம்முறை 4(1)(பி)இன் பன்னிரண்டாவது உட்பிரிவைச் சுட்டியே எழுதப் போகிறோம். முப்பது நாளில் எப்படியும் மறுப்புத்தான் வரும். முதல் மேல்முறையீட்டை நான் எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு எழுத வேண்டியதற்கு உங்களில் ஒருவர் வேண்டும். எந்தச் சங்கம் முன்வருகிறதோ அங்கே காகிதக் கட்டைக் கொண்டுவந்து சேர்க்கிறோம்.

இப்படிக்கு,
தகவல் மனு எழுதித் தருபவன்